கடைமடைக்கு ரத்தம் எட்டாத நிமிடங்கள்

சிறுநீரகத் தமனியில், ரத்தத்தை நிறுத்தும் கவ்வியான கிளாம்ப் விழுந்ததும் அறுவை அரங்கில் ஒரு குரல் நேரத்தைச் சொல்லும். அரங்கச் செவிலியர் கடிகாரத்தைப் பார்த்துப் பலகையில் எழுதுவார். மயக்க மருத்துவரான நான் என் தாளில் குறித்துக்கொள்வேன். அதன்பிறகு வெட்டும் தையலும் எவ்வளவு மும்முரமாக நடந்தாலும் இடையிடையே அந்தக் குரல் வந்துகொண்டிருக்கும்: பத்து ஆயிற்று, பதினைந்து ஆயிற்று, இருபது. எலும்பு அறுவையில் தொடைக்கு டூர்னிகெட் கட்டும்போதும் நேரம் எண்ணுகிறோம். ஆனால் கால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் பொறுத்துக்கொள்ளும். சிறுநீரகத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

எதற்காக ரத்தத்தை நிறுத்த வேண்டும்? சிறுநீரகத்தில் வந்த கட்டியை மட்டும் வெட்டியெடுத்து மீதி உறுப்பைக் காப்பாற்றும் அறுவையில், ரத்தம் பாய்ந்துகொண்டிருந்தால் வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரியாது. வயிற்றுப் பெருந்தமனி வீங்கி, அந்த வீக்கம் சிறுநீரகத் தமனிகள் பிரியும் இடம்வரை ஏறியிருந்தால், கிளாம்பை அவற்றுக்கும் மேலே போட்டாக வேண்டும். மாற்றுச் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓர் உடலிலிருந்து அறுபட்டு இன்னோர் உடலில் தைக்கப்படும்வரை அதற்கு ரத்தமே கிடையாது. இவை மூன்றும் கண்ணுக்குத் தெரியும் தடைகள். கிளாம்பே இல்லாமல், ரத்த அழுத்தம் சரிந்ததாலோ இதய நுரையீரல் இயந்திரத்தில் ஓடும் ரத்தம் நீர்த்துப்போனதாலோ ஏற்படும் தடையும் உண்டு. எண்ணிக்கையில் அதுதான் அதிகம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கிளாம்ப் போட்ட சிறுநீரகத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இயல்பில் பளபளவென்று செம்பழுப்பாக, விரலால் அழுத்தினால் திமிறும் உறுப்பு அது. தமனி அடைபட்டதும் நிறம் மங்கி, திட்டுத்திட்டாகச் சாம்பலும் ஊதாவும் படர்கின்றன. கெட்டித்தன்மை போய்த் தொய்ந்துவிடுகிறது. கிளாம்பை எடுத்ததும் சில நொடிகளில் இளஞ்சிவப்பு ஏறி, உறுப்பு உப்பி இறுகுகிறது. உயிருள்ளவர் தானம் கொடுத்த சிறுநீரகம் என்றால், ரத்தம் விட்ட சற்று நேரத்தில் சிறுநீர்க்குழாயின் வெட்டு நுனியில் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் துளிர்க்கும். அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிறம் திரும்பிவிட்டது, உறுப்பு பிழைத்துவிட்டது என்று அப்போது தோன்றும். சேதத்தின் இரண்டாம் பாதி தொடங்குவது அந்த நிமிடத்தில்தான்.

பெரிய அறுவைக்குப் பிறகு சிறுநீரகம் பழுதானால், அதை நடுவில் வந்த விபத்தாகக் குடும்பத்தாரிடம் சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. அறுவை நன்றாக முடிந்தது, ஆனால் கிட்னி ஒத்துழைக்கவில்லை என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. ரத்தத்தை நிறுத்தினால் சிறுநீரகத்தின் எந்த இடம் முதலில் அடிபடும், அடுத்து என்ன நடக்கும் என்பதெல்லாம் பெருமளவு தெரிந்த கதை. அது அறுவைக்குக் கொடுக்கும் விலையில் சேர்ந்தது. விலையை முன்னதாகவே சொல்ல வேண்டும். பிறகு கணக்கும் காட்ட வேண்டும்.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறக்குறைய 300 கிராம் தேறும். உடல் எடையில் அரை சதவீதம். ஆனால் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளினால் அதில் ஒரு லிட்டருக்கு மேல் இவற்றுக்கு வருகிறது. கிராமுக்குக் கிராம் பார்த்தால் மூளைக்கும் இதயத்துக்கும்கூட இவ்வளவு கிடையாது. வந்த ஆக்சிஜனில் பத்தில் ஒரு பங்கையோ அதைவிடச் சற்று அதிகமாகவோ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இத்தனை செழிப்பாக இருக்கும் உறுப்பு ரத்தக் குறைவுக்கு முதலில் விழும் உறுப்புகளில் ஒன்றாக இருப்பது எப்படி?

வருகிற ரத்தம் வடிகட்டுவதற்காக வருகிறது, ஊட்டுவதற்காக அல்ல. அதில் ஏறக்குறைய 90 சதவீதம் வடிமுடிச்சுகள் இருக்கும் புறப்பகுதியிலேயே சுற்றிவிட்டுப் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் மெடுல்லா ஆற்றுப் பாசனத்தின் கடைமடை. தலைமடையில் கரை புரண்டு ஓடினாலும் கடைமடைக்குக் கசிவுதான் வந்து சேரும். புறப்பகுதியில் ஆக்சிஜன் அழுத்தம் 50 மி.மீ. பாதரசம் அளவில் இருக்க, மெடுல்லாவில் அது 10 முதல் 20 வரைதான். அதிலும் ஒரு சிக்கல்: மெடுல்லாவுக்குள் இறங்கும் ரத்த நுண்குழாயும் அங்கிருந்து ஏறும் குழாயும் ஒட்டி ஒட்டிப் போகின்றன. இறங்கும்போதே ஆக்சிஜன் பக்கவாட்டில் கசிந்து, ஏறும் குழாய்க்குத் தாவி வெளியேறிவிடுகிறது. கிடைத்ததில் ஏறத்தாழ 80 சதவீதத்தை மெடுல்லா அன்றாடமே உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. கையிருப்பு என்று எதுவும் இல்லை.

இதை வடிவமைப்புக் கோளாறு என்று நினைக்கத் தேவையில்லை. சிறுநீரை அடர்த்தியாக்க வேண்டுமானால் மெடுல்லாவில் உப்புச் செறிவு உயர்ந்திருக்க வேண்டும். அங்கே ரத்தம் தாராளமாகப் பாய்ந்தால் அந்த உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். நீரைச் சேமிக்கும் திறனுக்காக இந்த உறுப்பு தன் உட்பகுதியை எப்போதும் மூச்சுத்திணறலின் விளிம்பிலேயே வைத்திருக்கிறது. வேலையோ குறைவில்லை. ஒரு நாளைக்கு 180 லிட்டர் திரவம் வடிகட்டப்படுகிறது. ஒன்றரை லிட்டர் போக மீதியெல்லாம் திரும்ப எடுக்கப்படுகிறது. அந்தத் திரவத்தோடு போகும் சோடியத்தை உப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். அவ்வளவையும் அன்றாடம் பம்ப் செய்து மீட்கும் பணியில் கணிசமான பங்கு, வடிகட்டிய திரவம் ஓடும் நுண்குழல்களில், ஆக்சிஜன் மிகக் குறைவாகக் கிடைக்கும் அந்த உட்பகுதியில் இருப்பவற்றின் தலையில் விழுகிறது.

கிளாம்ப் விழுந்ததும் இந்தக் குழல்களின் செல்களில் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. சில நிமிடங்களில் வெகுவாகக் கரைகிறது. வடிமுடிச்சை அடுத்து வரும் முதல் நுண்குழலின் கடைசிப் பகுதிதான் முதலில் விழும். அந்தச் செல்கள் கொழுப்பு அமிலங்களைத் தம் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் எரித்தே பிழைக்கின்றன. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையைக் கொண்டு சமாளிக்கும் திறன் அவற்றுக்கு மிகக் குறைவு. சோடியத்தை வெளியேற்றும் பம்புகள் நிற்கின்றன, செல் வீங்குகிறது, கால்சியம் உள்ளே சேருகிறது. செல்லின் அடிப்புறத்தில் நங்கூரமிட்டிருந்த அந்தப் பம்புகள் பிடி விட்டு மேற்புறத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. மேற்புறத்தில் அடர்ந்திருந்த நுண்முடிகள் உதிர்கின்றன. கொஞ்ச நேரத்தில் சில செல்கள் முழுதாகவே சுவரிலிருந்து கழன்று குழலுக்குள் விழுந்து, கீழே போய் அடைத்துக்கொள்கின்றன. மறுநாள் சிறுநீரை நுண்ணோக்கியில் வைத்தால் சேற்றுப் பழுப்பு நிறத்தில் உருளை உருளையாகத் தெரிவது இந்தக் குப்பைதான்.

இனி ரத்தம் திரும்புவதைப் பார்ப்போம். 1960-இல் ராபர்ட் ஜென்னிங்ஸும் உடன் பணியாற்றியவர்களும் நாய்களின் இதயத்தில் தமனியை அடைத்துத் திறந்து பார்த்தபோது, ரத்தம் திரும்பிய திசுவில் அழிவு வேகமெடுப்பதைக் கண்டார்கள். தடையை நீக்குவதே மருந்து என்று நம்பியவர்களுக்கு இது ஒரு அதிர்ச்சி. பிறகு காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. ஆக்சிஜன் இல்லாதபோது ஏ.டி.பி. உடைந்து உடைந்து ஹைப்போசாந்தீனாகக் குவிகிறது. ஆக்சிஜன் வந்ததும் சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதன்மேல் பாய்ந்து சூப்பர் ஆக்சைடு என்ற நச்சு ஆக்சிஜனை உண்டாக்குகிறது. மெக்கார்டும் கிரேஞ்சரும் 1981-இல் குடலில் காட்டிய வழி இது. 2014-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இன்னொரு வழியைக் காட்டினார்கள். தடையின்போது மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் தேங்குகிறது. ரத்தம் திரும்பியதும் அது ஒரே மூச்சில் எரிய, எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் ஓடி, அவற்றைக் கைமாற்றும் புரதச் சங்கிலியின் முதல் கண்ணியிலேயே நச்சு ஆக்சிஜன் பொங்குகிறது. எலிகளின் இதயம், கல்லீரல், மூளை, சிறுநீரகம் எல்லாவற்றிலும் இந்தத் தேக்கம் தெரிந்தது.

எனக்கு இதில் மிகவும் வியப்பாக இருப்பது அமிலத்தின் பங்கு. தடையின்போது செல்லுக்குள் சேரும் அமிலம் கெடுதல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அதே அமிலம் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் உள்ள ஒரு பெருந்துளையைத் திறக்கவிடாமல் அடைத்து வைத்திருக்கிறது. ரத்தம் திரும்பி அமிலம் சட்டென்று கழுவப்பட்டதும் அந்தத் துளை திறக்கிறது. செல்லின் கதை முடிகிறது. நாடித்துடிப்பையும் ரத்தத்தின் கார அமில எண்களையும் திரையில் சரிசெய்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விடும் மயக்க மருத்துவர்கள் இதை அவ்வப்போது நினைத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தமும் முழுதாகத் திரும்புவதில்லை. தமனி திறந்திருக்கும், புறப்பகுதி சிவந்திருக்கும். ஆனால் மெடுல்லாவின் வெளிவிளிம்பில் நுண்குழாய்களின் உட்சுவர் வீங்கி, வெள்ளணுக்கள் ஒட்டி, சிவப்பணுக்கள் நெரிசலில் சிக்கி நின்றுவிடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. கிளாம்ப் இருபது நிமிடத்தில் எடுக்கப்பட்டது என்று தாளில் எழுதியிருப்போம். கடைமடையைப் பொறுத்தவரை அது இன்னும் எடுக்கப்படவில்லை.

சிறுநீர் ஏன் நின்றுபோகிறது என்பதற்கு 1976-இல் தூராவும் பாய்லனும் தந்த விளக்கம் எனக்குப் பிடித்தமானது. நுண்குழல்கள் செயலிழந்த நிலையிலும் வடிமுடிச்சுகள் வழக்கப்படி நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வடிகட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? மீட்பதற்கு ஆள் இல்லை. உடலின் மொத்தப் பிளாஸ்மாவான 3 லிட்டரும் அரை மணிக்குள் சிறுநீராகப் போய்விடும். ஆகவே, மீட்கப்படாத உப்பு குழலின் கீழ்ப்பகுதியில் வந்து சேருவதை உறுப்பு உணர்ந்து, தன் வடிகட்டிக்கு வரும் தமனியைத் தானே சுருக்கிக்கொள்கிறது. சிறுநீர் நின்றுபோனது உறுப்பின் தோல்வி என்று நாம் பதறுகிறோம். நோயாளி உப்பும் நீரும் வடிந்து சாகாமல் இருப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். சிறுநீர் வரவில்லை என்றதும் நீர்ப்பெருக்கி ஊசியைத் தேடி ஓடும் கைகள் கொஞ்சம் நிதானிக்க இது போதும்.

எத்தனை நிமிடம் பாதுகாப்பு? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நெடுங்காலம் 30 என்று பாடம் நடந்தது. 2010-இல் ஒரே ஒரு சிறுநீரகம் மட்டும் உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வில், ஒவ்வொரு நிமிடம் கூடும்போதும் ஆபத்து கூடுவதாகவும் 25-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்றும் வந்தது. உடனே அரங்குகளில் கடிகாரப் பயம் தொற்றிக்கொண்டது. பிறகு 2013-இல் இன்னோர் ஆய்வுக் குழு, கிளாம்புக்கு முன்பும் நடுவிலும் பின்பும் மனிதச் சிறுநீரகத்திலிருந்து திசு எடுத்துப் பார்த்து, அரை மணியைத் தாண்டிய தடையைக்கூட மனித உறுப்பு எலியைவிட வெகு நன்றாகத் தாங்குகிறது என்று காட்டியது. இப்போது பலரும் ஏற்பது: கட்டி அறுவைக்குப் பிறகு எவ்வளவு வேலை மிஞ்சும் என்பதை, நிமிடத்தைவிட, எவ்வளவு நல்ல திசுவை விட்டுவைத்தோம் என்பதும் அறுவைக்கு முன் அந்த உறுப்பு எந்த நிலையில் இருந்தது என்பதும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன. இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்த அவசரப்பட்டுத் தாறுமாறாகத் தைத்து நல்ல திசுவை இறுக்கிக் கொல்லும் அறுவையைவிட, இருபத்தைந்தில் நிதானமாக முடியும் அறுவை மேல் என்பது என் கருத்து. நோயாளிக்கு இன்னொரு சிறுநீரகம் நன்றாக இருந்தால், கிளாம்ப் போட்ட பக்கம் பாதி போனாலும் ரத்தப் பரிசோதனையில் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருபக்கச் சிறுநீரகத்தின் வேலையைத் தனியே அளக்கும் ஸ்கேன் எடுத்தால்தான் உண்மை வெளிப்படும்.

நேரம் அதிகமாகும் என்று முன்பே தெரிந்தால், பழைய வழி ஒன்று இருக்கிறது: குளிர். வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி இறங்கும்போதும் செல்லின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறையப் பாதியாகிறது. கிளாம்ப் போட்டதும் சிறுநீரகத்தைச் சுற்றி நொறுக்கிய பனியைக் குவித்துப் பத்து நிமிடம் கைகட்டிக் காத்திருப்பார்கள். மாற்று அறுவையின் அடிப்படையே இதுதான். 1954 டிசம்பரில் ஜோசப் மரே பாஸ்டனில் இரட்டையர்களிடையே செய்த முதல் வெற்றிகரமான மாற்று அறுவையில் உறுப்பு பக்கத்து அரங்கிலிருந்து வந்தது. இன்று இறந்தவரின் சிறுநீரகம் குளிர்க் கரைசலில் ஊறி, ஒரு நாள் பயணம் செய்து வந்தும் வேலை செய்கிறது. ஆனால் அந்தப் பயணத்துக்கும் விலை உண்டு. அப்படி வந்தவற்றில் கணிசமானவை முதல் வாரம் சோம்பிக்கிடந்து, நோயாளியை டயாலிசிஸுக்கு அனுப்பிய பிறகே விழிக்கின்றன. பனிப்பெட்டியில் வெறுமனே வைக்காமல் இயந்திரத்தால் குளிர்க் கரைசலை உள்ளே ஓடவிட்டால் இந்தச் சோம்பல் குறைகிறது என்பதை 2009-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு உறுதிசெய்தது.

கிளாம்ப் இல்லாத தடைக்கு வருகிறேன். இது நேராக என் பொறுப்பில் வருவது. சராசரி ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் சிறுநீரகம் ஓர் எல்லைக்குள் தன் ரத்த ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது. உள்ளே வரும் தமனியை விரித்தும், வெளியேறும் தமனியைச் சுருக்கியும் வடிகட்டும் அழுத்தத்தைக் காக்கிறது. உள்தமனியை விரிக்கப் புரோஸ்டாகிளாண்டின் வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகை வலிநிவாரணிகள் அதைத் தடுக்கின்றன. வெளித்தமனியைச் சுருக்க ஆஞ்சியோடென்சின் வேண்டும். ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் வகை ரத்த அழுத்த மாத்திரைகள் அதைத் தடுக்கின்றன. இரண்டையும் எடுத்துக்கொண்டிருப்பவர் மயக்கத்தில் அழுத்தம் சரிந்து கிடந்தால், சிறுநீரகத்தின் இரண்டு கைகளும் கட்டப்பட்டிருக்கின்றன. இந்த அழுத்த மாத்திரைகளை முன்கூட்டியே நிறுத்த வேண்டுமா என்பதில் நாங்கள் நெடுநாள் சண்டையிட்டோம். 2024-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் பெரிய சிக்கல்களில் வேறுபாடு தெரியவில்லை. தொடர்ந்தவர்களுக்கு அரங்கில் அழுத்தம் அதிகம் சரிந்தது, அவ்வளவுதான். வலிநிவாரணி விஷயத்தில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது: சிறுநீரகம் ஏற்கெனவே தடுமாறுபவருக்குப் பெரிய அறுவையைச் சுற்றிய நாட்களில் அவை வேண்டாம்.

அழுத்தம் எவ்வளவு இறங்கலாம்? 2013-இல் கிளீவ்லாண்டிலிருந்து வந்த, 33,330 அறுவைகளை அலசிய ஆய்வில், சராசரி அழுத்தம் 55-க்குக் கீழே சில நிமிடம் இருந்தாலே சிறுநீரகப் பாதிப்பு கூடுவதாகத் தெரிந்தது. இப்போது 65 என்பது பலரும் பிடித்துக்கொள்ளும் கோடு. பல ஆண்டு உயர் அழுத்தத்தில் வாழ்ந்தவருக்கு அந்த 65-கூடப் பற்றாமல் போகலாம். ஆகவே திரையில் தெரியும் எண்ணை, அந்த மனிதர் விழித்திருந்தபோது இருந்த எண்ணோடு வைத்துத்தான் பார்க்கிறேன். நீரை இறுக்கிப் பிடிப்பதும் உதவாது. வயிற்றுப் பெரிய அறுவைகளில் 3,000 நோயாளிகளைச் சேர்த்த 2018 ஆய்வில், திரவத்தை மிகவும் கட்டுப்படுத்திய பிரிவில் 8.6 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. சற்றுத் தாராளமாகக் கொடுத்த பிரிவில் 5 சதவீதம். இதய அறுவையில் இயந்திரத்தின் பம்ப் ஓட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, நீர்த்த ரத்தம் சுமந்து போகும் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்கிட்டு ஓட்ட வேண்டும் என்பதும் இப்போது நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது.

இத்தனையும் நடந்து முடிந்த பிறகும் நோயாளி நன்றாகவே இருப்பார். இதுதான் குடும்பத்தாருக்குப் புரியவைக்கக் கடினமானது. பெருந்தமனி அறுவை முடிந்து ஐ.சி.யூவில் இருந்த ஒரு பெரியவரின் மகள், இரண்டாம் நாள் காலை என்னை நிறுத்திக் கேட்டார்: "நேற்று ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்றீர்களே டாக்டர், ஒரே ராத்திரியில் எப்படிக் கெட்டுப்போகும்?" கட்டிலின் பக்கவாட்டில் தொங்கிய மணிக்கணக்குச் சிறுநீர்ப் பெட்டியில் அடர்ந்த தேநீர் நிறத்தில் ஒரு விரல் உயரத்துக்குத்தான் சேர்ந்திருந்தது. அவருக்கு நான் சொன்ன பதில் இது: "ராத்திரியில் கெடவில்லையம்மா. முந்தாநாள் அரங்கிலேயே அடிபட்டுவிட்டது. ரத்தத்தில் தெரிவதற்கு இவ்வளவு நேரம் ஆகிறது."

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அடியோடு நின்றாலும் ரத்தத்தில் அது ஒரு நாளைக்கு டெசிலிட்டருக்கு ஒன்று, ஒன்றரை மில்லிகிராம் அளவில்தான் ஏறும். அறுவையின்போது ஏற்றிய திரவம் அதை நீர்த்துப்போகவும் செய்கிறது. 2012-இல் வகுத்த சர்வதேச வரையறை 48 மணி நேரத்தில் 0.3 ஏற்றத்தையே பாதிப்பு என்று எண்ணச் சொல்வதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம். 0.9-லிருந்து 1.2 ஆனால் ஆய்வகத் தாளில் சிவப்புக் குறி விழாது. பலர் கண்டுகொள்ளவே மாட்டார்கள். நுண்குழல் செல்கள் அடிபட்ட சில மணி நேரத்தில் சிறுநீரில் தெரியும் புரதங்களை அளக்கும் பரிசோதனைகள் வந்திருக்கின்றன. எல்லா இடத்துக்கும் அவை இன்னும் போய்ச் சேரவில்லை.

மருந்து இல்லையா என்பார்கள். இந்தத் துறையின் வரலாறு மருந்துகள் தோற்ற வரலாறு. குறைந்த அளவு டோபமைன் சிறுநீரகத்தைக் காக்கும் என்று பல ஐ.சி.யூக்களில் அது சிரிஞ்ச் பம்பில் நாள் முழுதும் ஓடிக்கொண்டிருந்தது. 2000-இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஐ.சி.யூக்களின் ஆய்வு 328 பேரிடம் அதைச் சோதித்துப் பயனில்லை என்று முடித்துவைத்தது. அதே ஆண்டு இதய அறுவை நோயாளிகளிடம் செய்த இன்னோர் ஆய்வில் ஃபியூரோசமைடு என்ற நீர்ப்பெருக்கி நிலைமையை மோசமாக்கியது. மேனிடால், அசிட்டைல்சிஸ்டீன், பைகார்பனேட், ஸ்டாட்டின் என்று ஒவ்வொன்றும் எலியில் வென்று மனிதரில் மண்ணைக் கவ்வின. அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? ஆய்வக எலி இளமையானது, நோயற்றது. கிளாம்ப் விழும் நேரம் ஆய்வாளருக்கு முன்பே தெரியும், மருந்தையும் முன்பே கொடுத்துவிடலாம். அரங்குக்கு வருபவர் எழுபது வயது, நீரிழிவு, உயர் அழுத்தம், ஏற்கெனவே பாதி தேய்ந்த சிறுநீரகம் என்று வருகிறார்.

முன்கூட்டியே சிறு சிறு தடைகளைக் கொடுத்துப் பழக்கினால் பெரிய தடையைத் தாங்கும் என்பது 1986-இல் நாய் இதயத்தில் கண்ட அழகான உண்மை. அதையே தொலைவிலிருந்து செய்யலாம் என்று மேற்கையில் ரத்த அழுத்தப் பட்டையை ஐந்தைந்து நிமிடம் இறுக்கித் தளர்த்திப் பார்த்தார்கள். 2015-இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு சிறுநீரகத்துக்கு நன்மை கண்டது. அதே ஆண்டு வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றும் காணவில்லை. மயக்கத்துக்குப் பயன்படுத்திய புரொபோஃபால் அந்த நன்மையை அழித்திருக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. என் தொழிலின் மருந்து குற்றவாளிக் கூண்டில் நிற்பதால் எனக்கு அதில் கூடுதல் ஆர்வம், ஆனால் முடிவாகச் சொல்ல எதுவும் இல்லை. அண்மையில் நம்பிக்கை தந்தது அமினோ அமிலக் கரைசல். இதய அறுவைக்கு வந்த 3,511 பேரிடம் செய்து 2024-இல் வெளிவந்த ஆய்வில் சிறுநீரகப் பாதிப்பு 31.7 சதவீதத்திலிருந்து 26.9 ஆகக் குறைந்தது. இறப்பிலும் டயாலிசிஸ் தேவையிலும் தெளிவான வேறுபாடு இல்லை. சிறிய லாபம், ஆனால் இத்தனை தோல்விகளுக்குப் பின் வந்த லாபம் என்பதால் நான் அதை அலட்சியம் செய்ய மாட்டேன்.

பாதிப்பு வந்த பிறகு செய்வதெல்லாம் மேலும் அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதான். அழுத்தத்தைக் காப்பது, சிறுநீரகத்துக்குக் கெடுதலான மருந்துகளை நிறுத்துவது, ஸ்கேனுக்கான சாயத்தை முடிந்தால் தள்ளிப்போடுவது, மற்ற மருந்துகளின் அளவை மாற்றுவது. டயாலிசிஸைச் சீக்கிரமே தொடங்கினால் நல்லதா என்ற கேள்விக்கு 2020-இல் வந்த பெரிய சர்வதேச ஆய்வு, அவசரக் காரணம் இல்லாமல் முந்திக்கொள்வதால் உயிர் பிழைப்பது கூடவில்லை என்று பதில் சொன்னது. பொட்டாசியம் ஏறியதா, நுரையீரலில் நீர் கோத்ததா, அமிலம் அடங்கவில்லையா, அப்போது செய்தால் போதும்.

நுண்குழல்களுக்கு ஓர் அரிய குணம் இருக்கிறது. பிழைத்த செல்கள் தம் வடிவத்தை விட்டுத் தட்டையாகி, பெருகி, வெறுமையான இடத்தை மூடி, பிறகு மறுபடியும் நுண்முடிகளோடு எழுகின்றன. இதயமும் மூளையும் இதைச் செய்வதில்லை. அந்தப் பெரியவருக்கும் சில வாரங்களில் சிறுநீர் பெருக்கெடுத்தது, டயாலிசிஸ் நின்றது. ஆனால் சேதம் ஆழமாக இருந்தால் செல்கள் பெருக்கத்தின் பாதி வழியில் சிக்கி நின்று, நார்த்திசுவை வளர்க்கும் சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கிரியேட்டினின் பழைய எண்ணுக்கு இறங்கியவர்களில் சிலருக்குக்கூட ஆண்டுகள் கழித்து நாள்பட்ட சிறுநீரக நோய் வருவதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே மூன்று மாதம் கழித்து ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பார்க்கச் சொல்லும் வரி வீட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தில் இருக்க வேண்டும். அதோடு அறுவைக்கு முந்தைய எண், உச்சத்துக்குப் போன எண், வீடு திரும்பும் நாளின் எண் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பல சுருக்கங்களில் கடைசி எண் மட்டும்தான் இருக்கிறது. நலம் என்று எழுதி முடித்திருப்பார்கள், அதற்குக் கீழேயே மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் இருக்கும். என் கைக்கு வரும் தாள்களில் அதை அடித்துவிட்டு மேலே சொன்ன எண்களை எழுதித் தரச் சொல்கிறேன். எழுதித் தராவிட்டால் நோயாளியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அடுத்த அறுவைக்கு அவரை மயக்கப்போகும் மருத்துவர் முதலில் தேடுவது அந்த எண்களைத்தான்.